நாங்கள்தான் குடிப்பதில்லையே!

இந்த வருடம் எங்கள் கல்லூரி மண்டபத்தில் வீதிப் பாதுகாப்புக் கருத்தரங்கு ஒன்று நடந்தது. போக்குவரத்துப் பிரிவிலிருந்து ஒரு பொலிஸ் சார்ஜன்ட் வந்திருந்தார். தாய்மொழி சிங்களம். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து மெதுவாகப் பேசினார். அதனாலேயே நாங்கள் வழக்கத்தை விடக் கவனமாகக் கேட்டோம். பையிலிருந்து ஒரு சிறிய குழாயை எடுத்துக் காட்டினார். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுபவர்களை ஊதச் சொல்லும் குழாய். உள்ளே மஞ்சள் நிறத் துணிக்கைகள் இருக்கும், மூச்சில் மதுசாரம் இருந்தால் பச்சையாக மாறும் என்றார். உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரிசையில் "டைகுரோமேற்று, டைகுரோமேற்று" என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. இரசாயனவியல் பாடத்தில் படித்த ஒன்றைக் கண்ணால் கண்ட சந்தோசம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழும்பிக் கேட்டாள். "சேர், இது எங்களுக்கு எதுக்கு? நாங்கதான் குடிக்கிறல்லயே."

மண்டபமே சிரித்தது. ஆசிரியைகளும் சிரித்தார்கள். சார்ஜன்டும் சிரித்துவிட்டு, "சரி, அப்ப வேற ஒரு கேள்வி" என்றார். "இன்டைக்குக் காலையில லைசன் இல்லாத ஆள்ட பைக்கில ஏறி வந்தவங்க கையை உயர்த்துங்க."

யாரும் உயர்த்தவில்லை. காலை 7 மணிக்கு எங்கள் கல்லூரி வாசலில் என்ன நடக்கிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மீசை அரும்பாத தம்பிமாரும் மச்சான்மாரும் ராத்தாமாரை இறக்கிவிட்டு, புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பிப் போவார்கள். எனக்கும் தெரியும். என் கையும் மடியில்தான் கிடந்தது. அந்த உயர்த்தாத கையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவது பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீடுகளில் ஒரு நிம்மதி தெரியும். நத்தார் காலத்திலும் சித்திரைப் புத்தாண்டிலும் தொலைக்காட்சிச் செய்தியில் பலூன் ஊதும் காட்சியைக் காட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அது யாரோ வேறு ஆட்களுடைய பிரச்சினை. எங்களுக்கு ஒரு துளியும் ஹராம். ஆகவே அந்தச் சட்டத்தில் எங்களுக்கு வேலையில்லை. இப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று கருத்தரங்குக்குப் பிறகுதான் தேடிப் பார்த்தேன். இலங்கையில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது எல்லை. அதற்கு மேல் போனால் குற்றம். உலக சுகாதார நிறுவனம் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. இளம் சாரதிகளுக்கு 20 மட்டும்தான் என்றும் சொல்கிறது. நியூசிலாந்தில் 20 வயதுக்குக் குறைந்தவர் என்றால் கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. எங்கள் நாட்டின் 80ஐக் குறைக்க வேண்டும் என்று யாராவது கையெழுத்து வேட்டை நடத்தினால் எங்கள் ஊரில் எல்லோரும் ஓடிப்போய்ப் போடுவார்கள், நானும் போடுவேன். ஆனால் எனக்குள் வந்த கேள்வி வேறு. இளம் சாரதிகளுக்கு மட்டும் ஏன் தனி எல்லை? நியூசிலாந்துக்காரர்கள் 1987இலிருந்தே புதிதாக ஓட்டுபவர்களுக்குக் கட்டம் கட்டமாகத்தான் அனுமதி கொடுக்கிறார்கள். இரண்டாம் கட்டத்தில் இருப்பவர் இரவு 10 மணிக்குப் பிறகு தனியே ஓட்டக் கூடாது. நினைத்தபடி நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகவும் கூடாது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. அதாவது இளம் வயதையே ஒரு ஆபத்தாக அவர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

மது ஏன் தடுக்கப்பட்டது என்று எங்களுக்கு இஸ்லாம் பாடத்தில் சொல்லித் தந்திருக்கிறார்கள். 'கம்ர்' என்ற அரபுச் சொல்லின் வேர் மூடுதல், மறைத்தல் என்ற பொருள் தருவது. அறிவை மூடுவதால் அது கம்ர். (நாங்கள் தலையை மூடும் 'கிமார்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்துதான் வருகிறது. ஒரே வேர், ஒன்று தலையை மூடுகிறது, மற்றது தலைக்குள் இருப்பதை மூடுகிறது என்று எங்கள் மௌலவியா ஆசிரியை சொன்னபோது வகுப்பே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.) அறிவை மூடுவதுதான் பிரச்சினை என்றால், போத்தலில் வருவது மட்டும்தான் அறிவை மூடுமா?

உயிரியல் படிக்கும் பிள்ளையாக ஒன்று சொல்கிறேன். ஒரு செயலின் விளைவை யோசித்து, ஆசையைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்வது மூளையின் முன்பகுதி. அது முழுமையாக முதிர்வதற்கு 20 வயது கடந்தும் சில வருடங்கள் எடுக்கிறது. 15 வயதில் கைக்கும் காலுக்கும் பலம் வந்துவிடும், கியர் போடவும் பிரேக் பிடிக்கவும் தெரிந்துவிடும். 'இந்த வேகத்தில் இந்த முடக்கில் திரும்பலாமா' என்று கேட்கும் இடம் மட்டும் இன்னும் கட்டி முடியவில்லை. அடுத்தது நித்திரை. 1997இல் அவுஸ்திரேலியாவில் டோசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆட்களைத் தூங்கவிடாமல் வைத்துச் சோதித்தார்கள். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவருடைய கண்ணும் கையும், இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவருடைய அளவுக்குத் தடுமாறின. விழித்திருக்கும் நேரம் கூடக்கூடத் தடுமாற்றமும் கூடியது. அப்படிப்பட்டவர் அந்தக் குழாயை எத்தனை தடவை ஊதினாலும் அது மஞ்சளாகவேதான் இருக்கும்.

எங்கள் நோன்பு கால இரவுகளை நினைத்துப் பாருங்கள். தராவீஹ் முடிகிறது. பெரியவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். பையன்கள் போவதில்லை. வெளிச்சம் போட்டுக் கிரிக்கெட், கேரம், அதன் பிறகு பைக். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுப் பக்கம் போகும் பிரதான வீதி காபட் போட்டு வழுவழுவென்று கிடக்கிறது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அந்த நேரத்தில் பொலிஸும் இருப்பதில்லை. நள்ளிரவில் வீட்டுக்குள் படுத்திருக்கும் எங்களுக்கு சைலன்சர் கழற்றிய சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கி, காதைப் பிளந்து, மறுபக்கம் மறையும். உம்மாமார் "யாருட புள்ளயோ" என்பார்கள். தங்கள் பிள்ளை வீட்டில் இருக்கிறானா என்று எழும்பிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

இனி என் கதைக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று வாப்பாவிடமும் தம்பியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ரியூசன் வகுப்பு வீட்டிலிருந்து 3 கிலோமீற்றர் தூரத்தில். பஸ்ஸில் போகலாம். ஆனால் "பொம்புளப் புள்ள தனிய பஸ்ஸுக்கு நிக்கிறதா?" என்று வீட்டில் சொல்வார்கள். வாப்பா கடையில் நிற்பார். நானா வெளிநாட்டில். மிஞ்சியவன் தம்பி. அவனுக்கு அப்போது 15 வயது. அவன் பின்னால் நான் அபாயாவோடு ஒருபக்கமாகத் திரும்பி இருந்து போவேன். அபாயாவின் ஓரம் சில்லுக்குள் போகாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், மறு கையில் புத்தகப் பை. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை கிடையாது. தலைக்கவசம் போடுவதில்லை. போட்டால் ஹிஜாப் கசங்கிவிடும். உண்மையான காரணம் அதுதான், வேறு நியாயம் சொல்ல விரும்பவில்லை. தம்பியின் தலைக்கவசம் எப்போதும் அவன் முழங்கையில் தொங்கும். எதிரே வருபவர் முன்விளக்கை இரண்டு தரம் அணைத்து எரித்தால் அடுத்த சந்தியில் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். உடனே தலைக்கவசம் தலைக்கு ஏறும், அல்லது நாங்கள் குறுக்கு வீதியால் திரும்புவோம்.

இதற்குப் பெயர் என் பாதுகாப்பு! 17 வயது ராத்தாவைப் பாதுகாக்க 15 வயதுத் தம்பி. வீட்டில் யாருக்கும் இது வேடிக்கையாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் 'பாதுகாப்பு' என்றால் யாரோ ஒருவருடைய கண்ணிலிருந்தும் வாயிலிருந்தும் காப்பாற்றுவது. வீதியில் கிடக்கும் ஆபத்து அந்தச் சொல்லுக்குள் வருவதேயில்லை.

கடந்த வருட நோன்பில் ஒரு நாள். அஸருக்குப் பிறகு வகுப்பு முடிந்து திரும்புகிறோம். தம்பி முந்திய இரவு விடியும்வரை கிரிக்கெட்டில் நின்றுவிட்டு, ஸஹருக்கு வந்து சாப்பிட்டு, சுபஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம் கண்ணயர்ந்து, பெருநாள் வியாபாரம் என்று பகல் முழுவதும் வாப்பாவின் கடையில் நின்றவன். நோன்பு துறக்கும் நேரம் நெருங்கினால் எங்கள் வீதி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அவசரத்தில் வீட்டுக்கு ஓடுகிறார்கள். நானும் அவன் தோளில் தட்டி, "கெதியாப் போடா, பாங்கு சொல்லப் போகுது" என்றேன். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் சொன்னேன்.

பிரதான வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பெரியவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி, வாளியை ஹேண்டிலில் தொங்கவிட்டிருந்தார். அவர் ஓரமாகத்தான் வந்தார். தம்பி அவரைக் கண்டானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. சத்தம் கேட்டது. நான் மணலில் இருந்தேன். முழங்கை உரஞ்சியிருந்தது, அவ்வளவுதான். தம்பிக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. பெரியவரின் கால் சைக்கிளுக்கு அடியில் இருந்தது. வீதி முழுவதும் கஞ்சி. அந்த நேரம் பாங்கு சொன்னது. ஓடிவந்தவர்களில் ஒருவர் முதலில் அவருடைய வாயில் ஒரு பேரீச்சம்பழத்தை வைத்தார்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. வைத்தியசாலையில் எப்படி நடந்தது என்று கேட்டுப் பதிவார்கள். வாப்பாவும் நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறோம். பெரியவர் எங்களைப் பார்த்தார். பிறகு, "சைக்கிளால விழுந்திட்டன்" என்றார். வேறு யாரும் படவில்லையா என்று திரும்பவும் கேட்டார்கள். "இல்ல, நானாத்தான் விழுந்த" என்றார். வெளியே வந்ததும் வாப்பா அவருடைய மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சின்னப் புள்ள, அவன்ட வாழ்க்க பழுதாகப் படாது எண்டு வாப்பா சொன்னாரு" என்றார் மகன்.

பொய்ச் சாட்சி பெரும் பாவங்களில் ஒன்று என்று சிறு வயதிலேயே படித்தவள் நான். அந்தப் பாவத்தை எங்களுக்காகச் சுமந்தவர் அடிபட்ட மனிதர். நோன்பாளி. நான் அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது என்று எழுதலாம். ஆனால் பேசாமல் இருப்பது எங்களுக்கு வசதியாக இருந்தது என்பதும் உண்மை.

அன்றிரவு தராவீஹுக்குப் பிறகு பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தார்கள். மருத்துவச் செலவும், அவர் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான கூலியும் வாப்பா கொடுப்பது என்று முடிவானது. வாப்பா அதை ஒழுங்காகக் கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. காப்புறுதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பொலிஸ் முறைப்பாடு எங்கே, ஓட்டியவரின் அனுமதிப்பத்திரம் எங்கே என்ற கேள்வி வரும். எல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒருவர் எங்கள் உம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். "நல்ல காலம், புள்ள குடிச்சிட்டு ஓடல்லயே."

அந்த வசனம் அப்போது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. மூன்று மாதம் போனது. பைக்கின் முன்பகுதியைத் திருத்தினார்கள். நான் மீண்டும் தம்பியின் பின்னால் ஏறி ரியூசனுக்குப் போகத் தொடங்கினேன். இப்படித்தான் நாங்கள் பாடம் படிக்கிறோம். கருத்தரங்கு நாளில் பின்வரிசைத் தோழி சொன்ன அதே வசனத்துக்கு மண்டபம் சிரித்தபோதுதான் எனக்கு அந்தத் தேநீர் நேரம் ஞாபகம் வந்தது.

சட்டத்தில் குறை இருக்கிறதா? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு வந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெற 18 வயது நிரம்ப வேண்டும். மருத்துவச் சான்றிதழ் எடுக்க வேண்டும், எழுத்துப் பரீட்சை, அதன் பிறகு எல் போட் மாட்டிப் பழகி, ட்ரயல் என்று நாங்கள் சொல்லும் செயன்முறைப் பரீட்சை. 2016 இறுதியில் கடுமையான குற்றங்களுக்குத் தண்டப்பணத்தை 25,000 ரூபாயாக்கப் போகிறார்கள் என்றதும் தனியார் பஸ்கள் ஓடாமல் நின்றன. கடைசியில் 2019இல் திருத்தச் சட்டம் வந்தது. குடித்துவிட்டு ஓட்டினால் குறைந்தது 25,000 ரூபாய். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டினாலும் குறைந்தது 25,000 ரூபாய். இரண்டையும் சட்டம் ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறது. நாங்கள்தான் ஒன்றைப் பாவம் என்றும் மற்றதைப் 'பையன் கெட்டிக்காரன்' என்றும் பிரித்து வைத்திருக்கிறோம். அனுமதிப்பத்திரம் இல்லாதவருக்கு வாகனத்தைக் கொடுப்பவரும் சட்டத்தின் முன் குற்றவாளி. அதாவது சாவியைத் தூக்கிக் கொடுத்த வாப்பாவும். பின்னால் இருந்து "கெதியாப் போ" என்று தட்டியவளுக்குச் சட்டத்தில் தண்டனை இல்லை. இருந்தால் நல்லது என்று சில நேரம் நினைப்பேன்.

எனவே சட்டம் போதாது என்று சொல்லி நழுவ முடியாது. பொலிஸ் சரியில்லை என்று சொல்வார்கள். பொலிஸ் நிற்கும்போது முன்விளக்கை அணைத்து எரித்துக் காட்டுவது யார்? நாங்கள்தான். நன்மையில் உதவுங்கள், பாவத்தில் உதவாதீர்கள் என்று குர்ஆன் சொல்வதை ஜும்ஆவில் கேட்டுவிட்டு, வெள்ளை ஜுப்பாவோடு தலைக்கவசமில்லாமல் ஒரே பைக்கில் மூன்று பேர் திரும்பி வருகிறோம். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதை மூன்றாம் ஆண்டிலிருந்தே மனப்பாடமாகச் சொல்கிறோம். முள்ளும் கல்லும்தான் எங்கள் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பெரியவருக்கு அன்று பாதையில் கிடந்த இடைஞ்சல் நானும் என் தம்பியும்.

இலங்கையில் ஒவ்வொரு ஆண்டும் 2,000க்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நடந்து போனவர்களும் அவர்களில் பெரும் பங்கு. 2025 மே மாதம் கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் அதிகமானோர் ஒரே நாளில் இறந்தபோது நாடே அழுதது. எங்கள் பள்ளிவாசல்களிலும் அதைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருவராகப் போகும் ஜனாஸாக்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. 'அல்லாஹ்வின் நாட்டம்' என்று முடித்துவிடுகிறோம். நாட்டம் அவனுடையதுதான், நான் மறுக்கவில்லை. சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்த கை யாருடையது என்றுதான் கேட்கிறேன்.

பெற்றோரை மட்டும் குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. எங்கள் உம்மாமாருக்கு வேறு வழி குறைவு. வகுப்புகள் இரவு 8 மணிவரை இழுபடுகின்றன. அந்த நேரத்தில் பஸ் கிடைப்பது கஷ்டம். த்ரீவீலருக்கு மாதம் முழுவதும் கொடுக்க எல்லா வீட்டிலும் பணமில்லை. இருட்டில் பெண்பிள்ளை நடந்து வந்தால் ஊர் ஒரு கதை கட்டும். இவையெல்லாம் உண்மையான பிரச்சினைகள். ஆனால் அவற்றுக்குத் தேட வேண்டிய வழிகள் வேறு. உயர்தர மாணவிகளின் வகுப்பை மஃரிபுக்கு முன் முடியுங்கள் என்று பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால் எந்த ரியூசன் சேரும் மறுக்க மாட்டார், மாணவர்கள் இல்லாமல் அவருக்கு வகுப்பில்லை. ஒரே ஒழுங்கையில் இருந்து ஐந்து பிள்ளைகள் போகிறோம், ஐந்து பைக்கில் போகிறோம். ஒரு த்ரீவீலரில் சேர்ந்து போகலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. 18 வயது வந்த பெண்பிள்ளைகள் முறையாக அனுமதிப்பத்திரம் எடுத்து ஸ்கூட்டியில் போவது இப்போது எங்கள் பகுதியில் புதினமும் இல்லை. ஆசிரியைகளில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள்.

அதற்கு முந்திய வயதுக்கு? 2022ஐ மறந்துவிட்டோமா? பெற்றோல் இல்லாமல் நாடு நின்ற வருடம். கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரத்துக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் பழைய சைக்கிள்கள் எல்லாம் பின்வளவிலிருந்து வெளியே வந்தன. ராத்தாமார் சைக்கிளில் வகுப்புக்குப் போனார்கள். நான் அப்போது சின்னவள், நானும் போனேன். ஐந்தாறு பேர் சேர்ந்து கதைத்துக்கொண்டே போவோம். யாரும் மானம் போய்விட்டது என்று சொல்லவில்லை. நிலமும் தட்டையான நிலம், மிதிப்பதற்குக் கஷ்டமே இல்லை. பெற்றோல் வந்ததும் சைக்கிள் திரும்பவும் பின்வளவுக்குப் போனது, மானம் திரும்பவும் முன்வாசலுக்கு வந்தது.

கருத்தரங்கு நடந்த அன்று இரவு நான் உம்மாவிடம் சொன்னேன், இனி நான் தம்பியின் பைக்கில் ஏற மாட்டேன் என்று. முதலில் தம்பி அவமானப்படுத்தியதாக நினைத்தான். உம்மா ஏசினார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பைக் சாவி வழக்கமான ஆணியில் இல்லை. உம்மாவின் அலுமாரிக்குள், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் போயிருந்தது. தம்பிக்கு இப்போது 16 வயது. இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. என்னோடு சரியாகக் கதைக்க அவனுக்கு ஒரு மாதம் எடுத்தது. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவனிடம் காட்டினேன். முழுவதையும் வாசித்துவிட்டு ஒரு வசனத்தை மட்டும் வெட்டச் சொன்னான். வெட்டிவிட்டேன்.

என் பழைய சைக்கிளுக்குப் புது டயர் போட்டிருக்கிறோம். செயின் கவரும் போட்டோம், அபாயா சிக்காமல் இருக்க. வகுப்புக்குப் போகும் வழியில்தான் அந்தப் பெரியவரின் வீடு. அவர் இப்போது சைக்கிள் ஓட்டுவதில்லை. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வார். பின்னேரங்களில் வாசலில் கதிரை போட்டு இருப்பார். நான் ஸலாம் சொன்னால் பதில் சொல்லிவிட்டு, "ஓரமாப் போ மகள், ஓரமாப் போ" என்பார். அவரோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் போவதால் வகுப்புக்குப் பத்து நிமிடம் பிந்துகிறது. பௌதிகவியல் சேர் இன்னும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறார்.